பானங்களின் ஞானத்தாய்

ஒன்பதாவது பானையின் வாயில் காசிமிரா துணியைப் போட்டுச் சணலால் இறுக்கிக்கொண்டிருந்தபோது ஹெனொவேவா வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். முற்றத்துச் சுவரோரம் வரிசையாக நின்ற பானைகளைப் பார்த்தாள். இன்னும் மூன்று பானைகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன. பக்கத்தில் டெபாச்சே பானத்துக்கு ஊறப்போட வேண்டிய அன்னாசித் தோல் ஒரு குவியல். அதன்மேல் ஈக்கள்.

"என்ன கோமாத்ரே, இவ்ளோ பானை?"

"இருநூறு பேருன்னு சொன்னீங்களே" என்றாள் காசிமிரா, சணலைப் பல்லில் கடித்தபடி. "பன்னெண்டு பானை இல்லாட்டி பத்தாது."

"எல்லாமே டெபாச்சேவா?"

"எல்லாமே. வெல்லம் மட்டும் பதினாறு கிலோ போட்டிருக்கேன்."

ஹெனொவேவா சிரித்தாள். கையிலிருந்த விசிறி ஒரு கணம் நின்று மறுபடி ஆடத் தொடங்கியது.

"எவ்ளோ அழகு. எதுக்கு இப்படிச் சிரமப்படறீங்க."

எங்கள் ஊரில் இந்த வாக்கியத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நெஞ்சுக்குள் வேறெதையோ அழுத்தி வைத்துக்கொண்டிருப்பார்கள். காசிமிராவுக்கு அது தெரியும். ஆனால் தன்னிடம் சொல்லப்படும்போது யாருக்கும் அது தெரிவதில்லை.

"பசங்களும் வருவாங்க" என்றாள் ஹெனொவேவா. "பசங்களுக்கு இந்தக் கலர், பாட்டில்ல வருதே, அதெல்லாம் ரொம்பப் பிடிக்குது இப்போ."

"பிடிக்கும்தான். பல்லு போயிடும். இது வயித்துக்கும் நல்லது."

"ஆமாமா. வயித்துக்கு நல்லது." விசிறி வேகமாக ஆடியது. "சரி கோமாத்ரே, நான் வரேன். உங்களுக்கு வேலை இருக்கு."

அதே வளவில் எதிர் அறையில் குடியிருப்பவன் என்பதால் நான் தண்ணீர் வாளியோடு நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. வாளியை இறக்கிவைத்தேன்.

நடந்தது இவ்வளவுதான். ஹெனொவேவாவின் மகள் யாதிராவுக்கு வரும் சனிக்கிழமை பதினைந்து நிறைகிறது. பெண் பெரியவளாகிவிட்டாள் என்று கோயிலில் கடவுளிடமும், பிறகு ஆட்டுக்கறி விருந்தில் ஊரிடமும் அறிவிக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு தகப்பன் தனியாகத் தாங்க முடியாது என்பதால் எங்கள் முன்னோர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விழாவை வெட்டித் துண்டு துண்டாக்கி, துண்டுக்கொரு ஞானத்தாய் அல்லது ஞானத்தந்தையைப் பிடிப்பது. கேக்குக்கு ஒருவர். காலணிக்கு ஒருவர். கிரீடத்துக்கு ஒருவர். வாத்தியக் குழுவுக்கு மூன்று பேர். நான் நாற்காலிகளின் ஞானத்தந்தை. இருநூறு மடக்கு நாற்காலிகளின் ஆன்மிகப் பொறுப்பு என்னுடையது. இதில் சேர்ந்துவிட்டால் பெற்றவளும் ஞானத்தாயும் சாகும்வரை ஒருவரையொருவர் கோமாத்ரே என்று அழைத்துக்கொள்ள வேண்டும். முகத்துக்கு நேராக உண்மை பேசக் கூடாது.

காசிமிராவுக்கு இது இருபத்து நான்காவது ஞானத்தாய்ப் பதவி. எங்கள் ஊர் தொனாலாவின் சந்தையில் இவ்வளவு பேருக்கு ஞானத்தாயாக இருக்கும் வேறு பழக்காரி கிடையாது. காரணம் எளிது. அவளுக்கு முடியாது என்று சொல்ல வராது. ஐம்பத்திரண்டு வயது. காலை ஐந்து மணியிலிருந்து அன்னாசி, பப்பாளி, வெள்ளரி நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்ப் பொடி தூவிக் கண்ணாடிக் குவளையில் விற்பாள். கணவன் லிப்ராதோ, இதோ மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி எல்லை தாண்டி வடக்கே வேலைக்குப் போனான். பத்தொன்பது வருடம் ஆகிறது. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் தெருவில் யாராவது லிப்ராதோ எப்படி இருக்கார் என்று கேட்பார்கள். நல்லா இருக்கார், வேலைதான் அதிகம் என்பாள். கேட்டவர் தலையாட்டுவார். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பதும், பொய் என்று தெரிந்த பதிலை ஏற்றுக்கொள்வதும்தான் எங்கள் தெருவின் நாகரிகம். கத்திக்குத்து நடக்காமல் நாங்கள் இத்தனை நாள் வாழ்வது இதனால்தான்.

இருபத்து மூன்று பதவிகளில் ஒன்றுகூடப் பெரிது இல்லை. ஒரு கல்யாணத்தில் கேக் வெட்டும் கத்தியின் ஞானத்தாய். கேக்கின் ஞானத்தாய் வேறொருத்தி. ஒரு ஞானஸ்நானத்தில் கைதுடைக்கும் காகிதம். ஒரு சிமெண்டு லாரியை மந்திரித்தபோது கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை. ஒரு கால்பந்துக் குழுவின் வலை. அதுவும் ஒரு பக்கத்து வலைதான். ஒவ்வொரு விருந்திலும் அவளுக்குச் சமையலறைக் கதவோரம் இடம் போடுவார்கள். பக்கத்தில் வாத்தியக்காரர்களின் பைகள் இருக்கும். அங்கிருந்து பெரிய மேசை நன்றாகத் தெரியும். வெள்ளை விரிப்பு, நடுவில் பூ, பெற்றோர், சாமியார், முக்கியமான ஞானப்பெற்றோர். ஆறு வருடங்களுக்கு முன்பு அந்த மேசைக்கென்றே ஒரு பட்டுச் சட்டை தைத்து வைத்தாள். ஒயின் நிறம். அது இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் ஹெனொவேவா தட்டில் இனிப்பு ரொட்டிகளை அடுக்கித் துணி மூடி எடுத்து வந்தாள். அதைப் பார்த்ததுமே, பதவி கொடுக்க வருகிறாள் என்று தெரிந்து, வளவில் மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். காசிமிரா நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"ஒரு சின்ன சிரமம் குடுக்க வந்தேன். யாதிரா விசேஷத்துல பானத்துக்கு நீங்கதான் ஞானத்தாயா இருக்கணும்."

"எனக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கௌரவம்?"

"பானம்னா சும்மாவா. பெரிய மேசைல, சாமியாருக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்கு."

காசிமிரா அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. என்ன பானம் என்று கேட்பது, கொடுக்க மனமில்லாதவள் செய்கிற காரியம். எந்தப் பானம் என்று சொல்வது, கேட்கத் தெரியாதவள் செய்கிற காரியம். இரண்டு பேருமே நல்ல குடும்பத்துப் பெண்கள். எனவே ஹெனொவேவா நாற்பது பெட்டி கலரை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். காசிமிரா சந்தையிலுள்ள பழக்காரர்கள் எல்லோரிடமும் தோலைச் சேர்த்துவைக்கச் சொன்னாள்.

டெபாச்சே விஷயத்தில் அவளுக்குக் கை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தோலை ஒரு தடவைக்குமேல் கழுவ மாட்டாள். பொங்கவைக்கிற உயிர் தோலில்தான் ஒட்டியிருக்கிறது, அதிகம் கழுவினால் தண்ணீரோடு போய்விடும் என்பாள். கூம்பு வெல்லத்தை உடைத்துப் போட்டு, பட்டை, கிராம்பு, தண்ணீர். மண்பானை மட்டும். பானையைச் சோப்புப் போட்டுக் கழுவியவளோடு ஒரு வருடம் பேசாமல் இருந்திருக்கிறாள். அந்த மே மாத வெயிலுக்கு இரண்டு நாளில் பொங்கத் தொடங்கும். மரக்கரண்டியால் நுரையை வழித்து எறிவாள். மூன்றாவது நாள் வடிகட்ட வேண்டும். வடிகட்டி ஐஸில் வைத்தால் அப்படியே நிற்கும். தவறவிட்டால் நான்காவது நாள் ஆளைத் தள்ளும். அதற்கப்புறம் வேறு பெயர்.

புதன்கிழமை காலை காசிமிரா பானையில் காதை வைத்துக் கேட்டாள். என்னையும் கேட்கச் சொன்னாள். உள்ளே சரசரவென்று ஓயாத சத்தம். ஒரு குவளை மொண்டு கொடுத்தாள். மூக்கில் ஏறியது. நாக்கில் இனிப்பும் காரமும் ஒன்றை ஒன்று தள்ளின. நல்ல சரக்கு.

"நாளைக்கு வடிகட்டி அவங்க வீட்டுத் தொட்டியில ஐஸ் போட்டு எறக்கிடலாம்" என்றாள். "சாமியாருக்குப் பிடிக்குமா தோன் எலாதியோ?"

"யாருக்குத்தான் பிடிக்காது" என்றேன். எலாதியோ என் பெயர்; தோன் என்பது ஐயா மாதிரி, பெண்களுக்கானால் தோஞா.

அப்போது தெரு முழுக்க ஒரு விஷயம் தெரிந்திருந்தது. பானைகளைப் பார்த்துவிட்டுப் போன திங்கட்கிழமை மத்தியானமே ஹெனொவேவா ஐஸ் கிடங்கு புரோகோப்பியோவிடம் போயிருந்தாள். அவருக்கு லாரி உண்டு. அவரை ஐஸின் ஞானத்தந்தை ஆக்கினாள். பிறகு காதோடு, ஐஸுக்கு அடியில் நாற்பது பெட்டி கலரும் வந்தால் நன்றாக இருக்கும் என்றாள். புரோகோப்பியோ மார்பில் கையை வைத்து, வந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். ரொட்டிக்காரனுக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரிக்குத் தெரியும். எனக்குத் தெரியும். காசிமிராவிடம் சொல்லவேண்டிய ஆள் யார் என்பதில்தான் தெளிவில்லை. ஒவ்வொருவரும் அந்த வேலையை மரியாதையாக அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தோம்.

வியாழக்கிழமை நான் நாற்காலிகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது தொட்டிகளைப் பார்த்து வருகிறேன் என்று காசிமிராவும் கூட வந்தாள். ஹெனொவேவா வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. ஆறு தகரத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் யாதிராவின் உருண்டைக் கையெழுத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. சிவப்பு. ஆரஞ்சு. எலுமிச்சை. மறுபடி சிவப்பு. ஆப்பிள். ஆறாவது தொட்டியில் 'மற்றவை'.

காசிமிரா அந்தத் தொட்டியின் முன் சற்று நேரம் நின்றாள். பிறகு பெரிய மேசைப் பக்கம் போனாள். பெயரட்டைகளை மடித்து வைத்திருந்தார்கள். சாமியார். அவருக்குப் பக்கத்தில் தோன் புரோகோப்பியோ. அவள் ஒவ்வோர் அட்டையாகப் படித்துக்கொண்டே கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள். அவள் அட்டை சமையலறைக் கதவோர மேசையில் இருந்தது.

ஹெனொவேவா உள்ளேயிருந்து வந்தாள். காசிமிரா அட்டையைப் பார்த்ததைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு கோமாத்ரே?"

"ரொம்ப அழகா இருக்கு கோமாத்ரே."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்."

வீட்டுக்கு வந்து காசிமிரா முக்காலியில் உட்கார்ந்தாள். பானைகளின் துணி மேலெழும்பி நனைந்திருந்தது. நான் வடிகட்டும் துணியைக் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னைக்கு வடிகட்டணும்னீங்களே?"

"இதோ."

"புளிச்சிடாதா?"

"இதோ, தோன் எலாதியோ."

எங்கள் ஊர் 'இதோ' எவ்வளவு நீளம் என்பதை லிப்ராதோவைப் பற்றிச் சொன்னபோதே சொல்லிவிட்டேன். அவள் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வழக்கம்போலச் சந்தைக்குப் போய்விட்டாள். பானைகள் சுவரோரம் வெயிலில் நின்றன. யாரும் நுரை வழிக்கவில்லை. சாயங்காலம் வளவு முழுக்க ஊறுகாய் வாடை. பானைகளைச் சுற்றிப் பொடி ஈக்கள் கூட்டம் போட்டன. எங்களில் ஒருவரும் மூக்கைப் பிடிக்கவில்லை. எதிர்ப்பட்டால் இன்றைக்குக் காற்றே இல்லை என்று பேசிக்கொண்டோம்.

சனிக்கிழமை திருப்பலி நன்றாக முடிந்தது. யாதிரா இளஞ்சிவப்பு உடையில், ஒரு பெரிய பஞ்சு மிட்டாய்க்குள் மாட்டிக்கொண்டவள்போல, முழங்காலில் நின்றாள். இரண்டு மணிக்கு எல்லோரும் தார்ப்பாயின் கீழே என் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு வந்தது. ஹெனொவேவா வீட்டுக் குழம்பில் மிளகாய் விஷயத்தில் கஞ்சத்தனம் கிடையாது. ஐந்து நிமிடத்தில் இருமல் ஆரம்பித்தது. ஆறு தொட்டிகளும் காலியாகப் பளபளத்தன.

மருந்துக்கடையிலிருந்து போன் போட்டார்கள். புரோகோப்பியோவின் மனைவி, அவர் அப்போதே கிளம்பிவிட்டாரே என்றாள். இரண்டரைக்கும் அப்போதே கிளம்பியிருந்தார். மூன்றுக்கும். முற்றத்துக் குழாயில் சனிக்கிழமை தண்ணீர் வராது. சாமியார் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே குழம்பைப் புகழ்ந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

ஹெனொவேவா சமையலறைக் கதவோர மேசைக்கு வந்தாள். நெற்றியில் பவுடர் கரைந்து ஓடியிருந்தது.

"கோமாத்ரே, என்ன இப்படி உக்காந்துட்டீங்க. உங்க டெபாச்சேவை எல்லாரும் கேக்கறாங்க."

காசிமிரா அந்த ஒயின் நிறச் சட்டையைப் போட்டிருந்தாள். மடிப்புகள் இன்னும் நேராகவில்லை. எதற்காக அதைப் போட்டுக்கொண்டு வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மெதுவாகத் திரும்பி பெரிய மேசையைப் பார்த்தாள்.

"சாமியாருக்குப் பக்கத்துல யாரும் வரலையா?"

"அது உங்களுக்குன்னுதானே வெச்சிருக்கேன்" என்றாள் ஹெனொவேவா. "நீங்கதான் இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டீங்க."

"சரி" என்றாள் காசிமிரா. "இதோ கொண்டாரேன்."

நானும் அவளும் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வளவுக்கு ஓடினோம். முதல் பானையின் சணலை அவிழ்த்ததும் என் கண் எரிந்தது.

"காசிமிரா, இது வினிகர்."

"தெரியும்."

"இதையா குடுக்கப் போறீங்க?"

"கேட்டாங்களே."

"புளிச்சுப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடலாம். தப்பில்ல."

கோயிலுக்குள் துணியில்லாமல் போகலாம் என்று நான் சொன்னதுபோல என்னைப் பார்த்தாள்.

"சொன்னா அந்த நாற்காலி?"

நாற்காலிகளின் ஞானத்தந்தையாக இருந்தும் அந்த ஒரு நாற்காலி என் கையில் இல்லை. அவள் எட்டுப் பானைகளிலிருந்து தோலை அள்ளி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த வெல்லத்தை அவற்றுக்குப் பங்கு போட்டாள். நான் வாளியில் பிடித்துவைத்திருந்த தண்ணீரை ஊற்றினாள். வண்டியில் அவ்வளவுதான் ஏறும். விருந்து முற்றத்தில் எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு பானையிலும் ஒரு கை ஆப்ப சோடாவைப் போட்டுக் கிண்டினாள். நுரை சீறிக்கொண்டு எழுந்து பானை வாயைத் தாண்டி வழிந்தது. வெண்மையாக, தடிமனாக, பூப்போல. இருநூறு பேரும் ஆ என்றார்கள். அந்த வருடம் தொனாலாவில் அதைவிட அழகாக எதுவும் பொங்கவில்லை.

வாத்தியக் குழுத் தலைவன் ஒலிபெருக்கியில் அறிவித்தான். பானங்களின் ஞானத்தாய், தோஞா காசிமிரா. கைதட்டினார்கள். அவள் நடந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சாமியார் பாதி எழுந்து வணங்கினார். பிறகு குவளையை உயர்த்தினார். நாங்களும் உயர்த்தினோம்.

முதலில் உப்பு. அதன்பின் புளிப்பு, பல்லின் வேர்வரை. கடைசியில் எங்கோ தூரத்தில் பட்டை. இருமல்கூட நின்றுவிட்டது. எல்லோரும் சாமியாரைப் பார்த்தோம். அவர் படித்தவர். விழுங்கினார்.

"பழைய காலத்து ருசி" என்றார்.

அவ்வளவுதான், முற்றம் உயிர் பெற்றது. என்ன மணம் என்றார்கள். இப்போது யார் இப்படிச் செய்கிறார்கள் என்றார்கள். கிராம்பு தூக்கலாக இருப்பதுதான் ரகசியம் என்றார் ஒருவர், கண்ணில் நீரோடு. ஹெனொவேவா வீட்டுக்காரி என்ற முறையில் இரண்டாவது குவளை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது காசிமிராவின் முகத்தை நேராகப் பார்த்தாள். காசிமிராவும் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்னவெல்லாம் இருந்தது என்று எழுதினால் எங்கள் தெருவில் நான் குடியிருக்க முடியாது.

யாதிரா மேசைக்கு வந்தாள். கிரீடம் சற்றுச் சாய்ந்திருந்தது. ஒரு வாய் குடித்தாள். கழுத்து நரம்புகள் ஏறி இறங்கின.

"ரொம்ப நல்லா இருக்கு ஞானத்தாயே" என்றாள். "எதுக்கு இவ்ளோ சிரமப்பட்டீங்க."

பெண் பெரியவளாகிவிட்டாள் என்பதற்குக் காலையில் கோயிலில் நடந்தது தேவையே இல்லை.

எங்கள் வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. மேசையைக் கடந்து போகிற ஒவ்வொருவரும் ஞானத்தாய்க்கு நேராகக் குவளையை உயர்த்த வேண்டும். அவள் பதிலுக்கு உயர்த்திக் குடிக்க வேண்டும். இருநூறு பேர் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைச் செடிக்கு ஊற்றினார்கள். அவளுக்குப் பக்கத்தில் செடி இல்லை. சாமியார்தான் இருந்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒவ்வொரு குவளைக்கும் சிரித்து, ஒவ்வொரு வாயையும் விழுங்கினாள். ஒலிபெருக்கிக்காரன் மூன்று தடவை அவள் பெயரைச் சொன்னான். சாயங்காலம்வரை அந்த நாற்காலியிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. அவளைப் பாதிநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியாக இருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். உதடு வெளுத்திருந்தது.

ஆறு மணிக்குப் புரோகோப்பியோவின் லாரி வந்தது. பாதி உருகிய ஐஸ், கலர்ப் பெட்டி ஒன்றுகூட இல்லை.

"இதோ வந்துகிட்டேதான் இருந்தேன்" என்றார்.

"எதுக்குச் சிரமப்பட்டீங்க" என்றாள் ஹெனொவேவா. அவருக்கும் ஒரு குவளை கொடுத்தாள். நிறைய ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காசிமிரா முதல் பூசைக்குப் போகவில்லை. வயிறு எரிகிறது என்று இரண்டு குவளை பால் குடித்தாள். பத்து மணிக்கு மேல், வளவில் நின்றுவிட்ட நாலு பானைகளையும் வடிகட்டினாள். இருபத்தோரு சீசா வந்தது. அதில் கேரட்டும் பச்சை மிளகாயும் வெங்காயமும் நறுக்கிப் போட்டாள். எனக்கு ஒரு சீசா கொடுத்தாள். வினிகர் நன்றாகவே இருந்தது. ஒயின் நிறச் சட்டையில் மார்புப் பக்கம் ஒரு கறை. எலுமிச்சை தேய்த்து வெயிலில் போட்டாள். பிற்பகல் அடுத்த தெருக்காரி ஒருத்தி தட்டில் துணி மூடிய இனிப்பு ரொட்டிகளோடு வந்தாள். ஆகஸ்டில் மகன் கல்யாணம், இருநூற்றைம்பது பேர். நேற்றுக் குடித்ததுபோலவே வேண்டும் என்றாள். காசிமிரா நாற்காலி எடுத்துப் போட்டாள். எனக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கௌரவம் என்றாள். நான் கைவண்டியை எடுத்துக்கொண்டு ஹெனொவேவா வீட்டுக்குப் போய் நாற்காலிகளை எண்ணினேன். ஏழு குறைந்தது. ஹெனொவேவாவிடம் சொன்னேன். இதோ தேடுகிறேன் என்றாள்.